எல்லாம் மருந்தின் மகிமை

திட்டினால் தாங்கிக்கொள்வார்கள், பாராட்டினால் பதறிப்போவார்கள் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டை அழகாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பழைய சட்டை, தள்ளுபடியில் வாங்கியது, கழுத்துப் பக்கம் சாயம் போய்விட்டது என்று காலரைப் புரட்டிக் காட்டிவிட்டுத்தான் ஓய்வார்கள். பரீட்சையில் முதலாவதாக வந்தால் கேள்வித்தாள் சுலபம். வேலை கிடைத்தால் அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. தோற்றால் மட்டும் அது முழுக்க முழுக்கச் சொந்த உழைப்பு! என்றைக்காவது ஒருநாள் குட்டு வெளிப்படும், யாரோ வந்து தோளைத் தொட்டு, போதும் எழுந்து வாருங்கள் என்று சொல்லப்போகிறார்கள் என்ற பயத்திலேயே இவர்கள் ஓய்வு பெறும் வயதை எட்டிவிடுகிறார்கள்.

இந்த இனத்துக்குச் சரியான மாதிரி வேண்டுமென்றால், மருந்துக்கடைக்கு மேல் மாடியிலிருக்கும் பல் மருத்துவமனைக்கு வாருங்கள். படி கொஞ்சம் செங்குத்து. உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்று முதலாளியான பெரிய டாக்டருடையது, இன்னொன்று நம் டாக்டரம்மாவுடையது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நர்ஸ் அக்கா. டாக்டரம்மாவின் கை அப்படிப்பட்ட கை. "எப்போ எடுப்பீங்க?" என்று நோயாளி கேட்கும்போது, பல் ஏற்கெனவே தட்டில் கிடக்கும். அதைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் அல்லவா? மாட்டார். ஊசி மருந்து நல்ல மருந்து என்பார். மருந்து காரணமில்லையென்றால் பல் முன்பே ஆடிக்கொண்டிருந்தது. பல் ஆடவில்லையென்றால் உங்கள் தாடை நல்ல தாடை.

டாக்டரம்மாவின் தலைக்குள் ஒருத்தி குடியிருக்கிறாள். எப்போது வந்தாளோ தெரியாது. வாடகையும் தருவதில்லை, காலி செய்வதுமில்லை. டாக்டரம்மா கையுறை மாட்டும்போதே ஆரம்பித்துவிடுவாள். உனக்கு எதுக்குடி இந்த வேலை, காலேஜில் யாரோ பாவம் பார்த்து மார்க் போட்டார்கள் என்பாள். இதே பேச்சை வெளியாள் எவராவது நர்ஸ் அக்காவிடம் பேசியிருந்தால், டாக்டரம்மா அவரை வாசலோடு அனுப்பியிருப்பார். தன்னிடம் பேசினால் மட்டும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

கேட்டதோடு விட்டாலும் பரவாயில்லை. நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் பஞ்சை அடைத்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, ஊசியைக் கையில் எடுத்த பிறகு, ஒளிவுமறைவு கூடாது என்ற நல்ல எண்ணத்தில், "நான் ஒண்ணும் பெரிய கெட்டிக்காரி இல்லை, பார்ப்போம்" என்பார். படுத்திருப்பவர் என்ன செய்வார்? வாயில் பஞ்சு. கண் மட்டும் அகலும். ஒரு தபால்காரர் மார்பில் கட்டிய துணியோடு படியிறங்கி ஓடியவர், துணியை மட்டும் பிற்பாடு ஆள்மூலம் அனுப்பிவைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் பெரிய டாக்டருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. அவர் டாக்டரம்மாவையும் நர்ஸ் அக்காவையும் உட்காரவைத்து, மாதக் கடைசியோடு விலகிக்கொள்வதாகச் சொன்னார். டாக்டரம்மா ஏற்று நடத்தினால் சரி. இல்லையென்றால் இடத்தைக் காலி செய்துவிட்டுச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிடுவார். டாக்டரம்மா உடனே தன்னைவிடத் தகுதியானவர்கள் என்று சிலருடைய பெயர்களைச் சொன்னார். அதில் ஒருவர் இறந்துபோயிருந்தார். நர்ஸ் அக்கா கழுவிய கருவிகளையே மறுபடி கழுவினார். இந்த வயதில் வேறெங்கே போய் வேலை கேட்பது என்ற கவலை அவருக்கு.

அந்த வாரமே பெரிய டாக்டருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி பிடுங்கியது. நீயே எடுத்துவிடம்மா என்று அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். டாக்டரம்மா என்ன செய்தார் தெரியுமா? முதலாளியின் வாயில் கைவைக்கும் யோக்கியதை தனக்கில்லை என்று, தன் முகத்தையே சுவரளவு படமாக மாட்டிவைத்திருக்கும் எதிர்த் தெரு டாக்டரிடம் அவரை அனுப்பிவைத்தார். வேறு எந்தத் தொழிலிலாவது, கடையைத் தருகிறேன் என்றவரைக் கையைப் பிடித்து எதிர்க்கடைக்கு அனுப்பிய ஆளைக் கண்டதுண்டா? வலியில் இருந்தவர் மறுபேச்சில்லாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தான். வேர் வளைஞ்சிருக்காம். இந்த மாதிரிப் பல்லையெல்லாம் அவன் உன்கிட்டதான் அனுப்புறானாமே?"

டாக்டரம்மா ஓட்டம் பிடித்தார். சந்தோஷத்தில் அல்ல. கருவி கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "அக்கா, அவரையும் ஏமாத்திட்டேன் போல இருக்கு" என்றார்.

நர்ஸ் அக்கா குழாயை மூடினார். "தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா. பெரிய டாக்டரை ஏமாத்திட்டீங்க. எதிர்த் தெருக்காரரை ஏமாத்திட்டீங்க. பிடுங்கின பல் அத்தனையும் உங்களை நம்பி ஏமாந்துதான் வெளியே வந்திருக்கு. இத்தனை பேரை இத்தனை வருஷமா ஏமாத்தணும்னா எவ்வளவு சாமர்த்தியம் வேணும்? அது மட்டும் உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

டாக்டரம்மா இதை உள்ளே இருந்தவளிடம் கேட்டுப் பார்த்தார். அவளும் கணக்குப் போட்டுப் பார்த்துத் திணறினாள்.

"எனக்கு இந்த இடம் வேணும்" என்றார் நர்ஸ் அக்கா. "உங்களுக்கும்தான்."

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே இருந்தவள் சுதாரித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். வேர் உடையும், மானம் போகும், காலேஜில் யாரோ பாவம் பார்த்து... "வாயைத் திறங்க" என்றார் டாக்டரம்மா. சொன்னது பெரிய டாக்டரிடம். ஆனால் உள்ளே இருந்தவளும் எத்தனையோ வருஷம் கேட்ட பழக்கத்தில் வாயைத் திறந்தாள். டாக்டரம்மா இருவர் வாயிலும் பஞ்சை அடைத்தார்.

அப்புறம் என்ன, அறையில் அப்படியொரு அமைதி. வளைந்த வேரைப் பற்றி உள்ளே இருந்தவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் பல்லைப் பற்றி ஏதும் அறியாத ஒருத்தியிடமா யோசனை கேட்டுக்கொண்டிருந்தோம்? கைக்குத் தெரிந்ததைக் கை செய்தது.

பெரிய டாக்டர் பஞ்சோடு குழறினார். எப்போது எடுக்கப்போகிறாய் என்று கேட்கிறார். டாக்டரம்மா தட்டைக் காட்டினார். பல் முழுசாக, வளைந்த வேரோடு கிடந்தது. "ஊசி மருந்து..." என்று அவர் வாய் பழக்கதோஷத்தில் ஆரம்பிக்க, நர்ஸ் அக்கா கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் சத்தமாகப் போட்டார்.

"நான்தான் எடுத்தேன் சார்" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு வியர்த்துப்போனார். பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சாவியைக் கட்டடக்காரர்கிட்ட கொடுக்க வேண்டாம்" என்றார்.

இப்போது வாசலில் டாக்டரம்மாவின் பெயர்ப்பலகை இருக்கிறது. எழுத்து சின்னதாகப் போதும் என்று அவர் சொல்லியிருந்தார். நர்ஸ் அக்கா பின்னாலேயே போய்ப் பெரிதாக்கச் சொல்லிவிட்டார். உள்ளே இருப்பவள் காலி செய்துவிட்டாளா என்றால், இல்லை. ஆனால் பஞ்சு நிறைய இருக்கிறது. அவ்வப்போது மாற்றினால் போதும்.

இதைப் படித்துவிட்டு நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எனக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். பேனா நல்ல பேனா. நீங்கள் எப்படி? அந்தம்மாவுக்கு நிஜமாகவே திறமை இருந்தது, இல்லையென்று வீணாக நினைத்துக்கொண்டார், என் விஷயம் அப்படியில்லை, எனக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது என்று இந்நேரம் உள்ளே ஒரு குரல் கேட்கிறதா? அப்படியானால் மேலே வாருங்கள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. எங்கே, வாயைத் திறங்கள்.