ஆர்லனுக்கு வலிக்கவில்லை

மயக்கம் தெளிந்ததிலிருந்து ஆர்லன் வயிற்றைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருக்கிறான். பித்தப்பையை எடுத்துவிட்டார்கள், நாலு இடத்தில் துளை போட்டிருக்கிறார்கள், வலியை மட்டும் காணோம்.

இது நல்லதற்கில்லை. நாளைக்கு மான் வேட்டை தொடங்குகிறது. அன்றைக்கு வீட்டில் கிடக்கும் ஆண்பிள்ளையை விஸ்கான்சினில் ஊரே ஒரு மாதிரி பார்க்கும். கல்யாணம் ஆனதிலிருந்து மச்சான்கள் மூன்று பேரோடும் காட்டுக் குடிசைக்குப் போய், மரத்தின் மேல் பலகையில் உட்கார்ந்து பனியில் விறைத்து, அவனுக்கு அலுத்தே போய்விட்டது. வரவில்லை என்று சொல்லவும் வாய் வராது. அதனால்தான் கெஞ்சிக் கூத்தாடி ஆபரேஷனை இந்த வெள்ளிக்கிழமைக்கு வாங்கினான். இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தால் போதும், பாவம், அவன் வேறொன்றும் கேட்கவில்லை.

"வலி பத்துக்கு எவ்வளவு?" என்றாள் நர்ஸ் ஜோலீன்.

"எட்டு."

அவள் துளைகளைச் சுற்றி அமுக்கினாள். ஆர்லன் முகம் சுளிக்க மறந்துவிட்டான். அங்கெல்லாம் மரத்துப்போகிற மருந்து போட்டிருக்கிறது, அப்படி வலிக்காதே என்றாள்.

"தோள்ல வலிக்குது" என்றான் அவசரமாக.

வலிக்கும்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். ஆபரேஷனுக்காக வயிற்றை உப்பவைக்க அடைத்த காற்று அங்கே போய்ப் பிடிக்குமாம், நடந்தால் சரியாகிவிடுமாம். உடனே எழுப்பி நடக்கவைத்தாள். வெளியே காத்திருந்த மூத்த மச்சான் டெல்மர், வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வலிச்சா மறைக்காத மச்சான், சொல்லிடு."

நர்ஸிடம் எட்டு என்று சொன்ன வாய் டெல்மரிடம் கூசியது. அவர்கள் வீட்டில் எவனும் வலிக்கிறது என்று சொன்னதே கிடையாது.

"அப்படி ஒண்ணுமில்ல" என்றான் ஆர்லன். டெல்மர் திரும்பத் திரும்பக் கேட்டான். இவனும் திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

ஜோலீன் அதையும் கேட்டுவிட்டு டாக்டரைக் கூட்டி வந்தாள்.

"வெள்ளிக்கிழமைதான் வேணும்னு நீங்க அடம் பிடிச்சப்பவே புரிஞ்சுபோச்சு" என்றார் டாக்டர் பூரிப்பாக. "நாளைக்கு வேட்டையாச்சே. அதான் ரொம்ப நேரம் தாங்கற மருந்தாப் பாத்துப் போட்டேன். துப்பாக்கியத் தூக்காதீங்க. சும்மா குடிசைக்குப் போய் அடுப்புப் பக்கம் உக்காருங்க."

ஆர்லன் நன்றி சொன்னான். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

வண்டியில் ஏற்றி, பெல்ட் போட்டுவிட்டு, டெல்மர் எஞ்சினைக் கிளப்பினான். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, படுபாவி? உன்னச் சாக்கு வெச்சு இந்த வருஷமாவது வீட்ல தூங்கலாம்னு நாங்க மூணு பேரும் உன்னத்தான் நம்பியிருந்தோம்."