ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

"அந்த எழுத்து வர வேண்டிய இடத்துல மறுபடியும் காலிக் கட்டம்தான் சார் வருது," என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கலைமதி.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த பிளக்ஸ் கடையில், ஸ்ரீரங்கத்து கேஷவ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மாலை விமானத்தில் ரஷ்யாவிலிருந்து மாமியார் வருகிறார். வேராவைக் கைப்பிடித்து இரண்டு வருடமாகியும் அந்த அம்மாள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிறுதோறும் அவனுடைய பழைய செல்போனுக்கு ஒரே ஒரு காலிக் கட்டம் வரும். 'என் மனசில் உனக்கு இடமில்லை' என்று அதற்குப் பொருள் கொண்டிருந்தான். மனைவியிடம் கேட்கவும் பயம்.

வாசலில் வரவேற்பு பிளக்ஸ் கட்டினால் மனம் இளகாதா?

'பல கண்ணுடைய தேவதூதர்கள் காக்கட்டும்' என்பது அந்த அம்மாள் தன் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லும் வேண்டுதல். பழைய ரஷ்யக் கைப்பிரதியிலிருந்து எடுத்த வரி; அதையே பிளக்ஸில் போட நினைத்தான். அதில் ஓர் அபூர்வ எழுத்து, பத்துக் கண்கள் ஒட்டிப் பிறந்தது போல இருக்கும். வேராவின் நோட்டிலிருந்து போட்டோ எடுத்து வந்திருந்தான்.

"நீங்க சாப்பிடலையாம்மா?"

"சோறு எங்க போயிடப் போகுது? உங்க மாமியார்தான் வந்துடுவாங்க."

கலைமதி இணையத்தில் எங்கோ தேடி, அந்த எழுத்து உள்ள ஒரு ஃபாண்ட் இறக்கினாள். எழுத்து வந்தது.

"ஏழு கண்ணுதானே இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல சேர்க்கறப்பவே ஏழுன்னு எண்ணிட்டாங்களாம் சார். அப்புறம்தான் பத்துன்னு திருத்தினாங்க. நமக்குக் கிடைச்சது பழசு. மூணுதானே குறையுது? நம்ம ஃ இருக்கே!"

பெரிதாக்கியதும், சட்டியிலிருந்து மூன்று பணியாரம் துள்ளி விழுந்தது போலிருந்தது. மவுஸால் கோலப்புள்ளி வைத்துப் பார்த்தாள். பதின்மூன்று கண்ணாகிவிட்டது.

"ஐயோ! இதைப் பார்த்தா அடுத்த பிளைட்லயே திரும்பிடுவா."

"போன்ல போட்டோ தெளிவா இல்ல சார். உங்க வாட்ஸப்பை இந்த கம்ப்யூட்டர்லயே திறந்து அதுல போடுங்க, நான் எடுத்துக்கறேன்."

திறந்தான். மாமியாரின் பெயர்தான் முதலில் நின்றது. கலைமதி தெரியாமல் அதைத் தொட்டுவிட்டாள்.

காவிரிக் காற்று திரைச்சீலையை மெல்லத் தூக்கியது. கடையின் ஓசையெல்லாம் எங்கோ ஒதுங்கிப் போனது. கம்ப்யூட்டர் திரை முழுக்க, ஒவ்வொரு ஞாயிறிலிருந்தும், இமைக்காமல் கண்கள் அவனைப் பார்த்தன.

கலைமதி மெதுவாகச் சொன்னாள்: "சார், உங்க போன்லதான் அந்த எழுத்து இல்ல; இப்ப இறக்கின ஃபாண்ட்ல தெரியுது. ரெண்டு வருஷமா அவங்க உங்களுக்கு அனுப்பினது கட்டம் இல்ல சார், கண்ணு."