தொண்டை கட்டிய நாள்

குழந்தைகள் டாக்டர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதுமே ஆய்வகம் காலியாகிவிட்டது.

"எல்லாரும் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காங்க சார்," என்றார் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட உதவியாளர். "நானும் போகணும்."

ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோரையும் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வைப்பது டாக்டர் தாமாகத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. போன குளிர்காலத்தில் யாரோ ஒருவரின் இருமல் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குள் புகுந்து, கையளவுக் குழந்தை ஒன்று பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்குப் போகவில்லை. இந்தத் தடவை ஒருவரையும் விடுவதாயில்லை.

ஆனால் ஆள் வரவில்லை. விஷயம் புரியவில்லை போலிருக்கிறது என்று, ஊசி அறைக்கு வந்த ஒன்றிரண்டு பேரை உட்காரவைத்து வைரஸின் தோற்றத்திலிருந்து விளக்கினார். அவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லாரும் கைகோத்தால்தான் நடக்கும் என்று மருந்தகம், ஆய்வகம், சமையலறை, ஆம்புலன்ஸ் என்று சகலரையும் ஒன்று சேர்த்தார். சேர்ந்தார்கள். அவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொண்டார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியைப் பிடித்தார். காலையில் ஆரம்பித்தவர் மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் விடவில்லை. பிரசவ வலியில் இருந்த ஒரு பெண், "முதல்ல அவரை யாராவது நிறுத்துங்களேன்," என்று கெஞ்சியதாகக் கேள்வி.

'நான் என்னதான் தப்பு பண்றேன்?' என்று மாலையில் மனைவியிடம் கேட்க வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மனைவி சற்றுக் காத்திருந்து பார்த்தாள். "அடடா," என்றாள். பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் கழுத்தில் மஃப்ளரோடு ஊசி அறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே நீண்ட வரிசை. நர்சுகள், சமையல்காரர், டீ குடிக்கப் போன ஆய்வகம் மொத்தமும்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையையே பலிகொடுத்த ஒரு மனிதனின் தியாகம் கல்லையும் கரைக்காமல் விடுமா. நெஞ்சில் கைவைத்து எல்லோருக்கும் தலைசாய்த்தார். 'எப்படி இது?' என்று சைகையால் கேட்டார்.

ஊசி போட்டுக்கொண்டு சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் டிரைவர்தான் பதில் சொன்னார்.

"நேத்தே உங்க வீட்டம்மா போன் பண்ணிட்டாங்க சார். 'அவர் தொண்டை சரியாகறதுக்கு ரெண்டு நாளாவது ஆகும், அதுக்குள்ள எல்லாரும் போட்டுக்குங்க'ன்னாங்க."