டி-51க்கு வைத்த பொட்டு

“யாருடி இதுக்குப் பொட்டு வெச்சது?”

ஸௌந்தரராஜன் போட்ட சத்தத்தில் சின்னக் காஞ்சிபுரத்தில் நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. பெரிய காஞ்சிபுரம் போய், அதை உள்ளே வைக்கவென்று சொல்லிச் செய்த கண்ணாடிப் பெட்டியை வாங்கிக்கொண்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார்.

கூடத்தில், சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களுக்குப் பக்கத்தில், அவருடைய டி-51 நின்றது. ஒரு காலத்தில் ஜப்பானில் ஓடிய நீராவி எஞ்சின், முழ நீளத்தில், அச்சு அசலாக. லீவு நாளையெல்லாம் தொலைத்து, இரண்டு வருஷம் பித்தளையை அறுத்து, ராவிச் செய்தது. இப்போது அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்குச் சக்கரம் பொட்டு. முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வேறு!

“ஏன்னா, கத்தாம கேளுங்கோ. கார்த்தால...” என்றாள் மனைவி வத்ஸலா.

“பேசாதே! சாயங்காலம் எங்க எம்.டி. நகமுரா வரார். இதைப் பார்த்துட்டு அவர் சரின்னாத்தான் எனக்கு ஜப்பான் டிரெய்னிங். இதென்ன லாரியா, எலுமிச்சம்பழம் நசுக்க?”

ஆத்திரத்தில் ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தார். குங்குமம் கரைந்து கொதிகலன் முழுக்க வழிந்தது. அடிதடியில் மூக்கு உடைந்த ஆள் மாதிரி இருந்தது எஞ்சின்.

“நான் என்ன சொல்ல வரேன்னா...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்! தின்னரை எடு!”

தின்னர் குங்குமத்தை எடுத்தது. கூடவே கறுப்புப் பெயின்ட்டையும் எடுத்தது. உள்ளே இருந்த பித்தளை பல்லிளித்தது.

“சனியனே!” என்று, யாரைச் சொன்னாரோ, எஞ்சினை வெடுக்கென்று இழுத்தார். பழத்தின் மேல் ஏறிய சக்கரம் சிக்கி, சக்கரங்களை இணைக்கும் தண்டு படக்கென்று முறிந்தது. சாறு நேரே அவர் கண்ணில் பீய்ச்சியது.

“இனிமே நான் வாயைத் திறந்தா கேளுங்கோ!” என்று வத்ஸலா சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஒற்றைக் கண்ணோடு தண்டைப் பசை போட்டு ஒட்டினார். மிச்சமிருந்த கறுப்பை மேலே அப்பினார். அது காய்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

நகமுரா மனைவியை அழைத்துக்கொண்டு, கையில் கேமராவோடு வந்தார். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடினார். அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஸௌந்தரராஜன் முந்திக்கொண்டார்.

“ஆல் மை ஒய்ஃப், சார்!” என்று சமையலறையைக் காட்டினார்.

பழத்தட்டோடு பின்னால் வந்த டிரைவர் கலியன் எட்டிப் பார்த்துப் பதறினார்.

“இன்னா சார், பொட்டையெல்லாம் அழிச்சி வெச்சிக்கிறீங்க? காலையில கோயிலுக்குப் போற வழியில இங்க வந்து, எம்.டி.யே அம்மாகிட்ட கேட்டுக்கினு, அவரு கையாலேயே வெச்ச பொட்டு சார் அது!”