மூடாத கோட்டும் திறக்காத வயிறும்

இனிமேல் சோறு இல்லை, ரொட்டி இல்லை, மரவள்ளிக்கிழங்கு இல்லை, தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை என்று ஒரு காலையில் சபதம் எடுத்தேன். எடுத்தது நான். அனுபவித்தவை எங்கள் வீட்டுக் கோழிகள்.

காரணம் என் கோட்டு. மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணிக்கு அழகு கோட்டு. அது இல்லாவிட்டால் அவனும் பத்தோடு ஒரு ஆள். எங்கள் வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகிறார், கங்காணிமாரை வைத்துப் போட்டோ எடுக்கப்போகிறார் என்று காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திச் சொன்னார்கள். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து கோட்டை மாட்டினேன். பொத்தான் இந்த மலையில் நின்றது. பொத்தான் ஓட்டை எதிர்மலையில் நின்றது. ஆள் நான் கட்டை, வளர்த்தியெல்லாம் நடுவில்தான்.

பங்களாச் சமையல்காரர் மத்தியாஸ் வழி சொன்னார்.

"தொரை இப்பிடித்தான் வயித்தக் கொறைச்சாரு கங்காணியாரே. சோறு, மாவு, கெழங்கு, சீனி, எதையும் தொடாதீங்க. முட்டை, எறைச்சி, கருவாடு எம்புட்டு வேணும்னாலும் தின்னுங்க."

"எம்புட்டு வேணும்னாலுமா?"

"எம்புட்டு வேணும்னாலும்."

இதைவிட நல்ல வைத்தியம் உலகத்தில் உண்டா?

என் பொஞ்சாதி அம்மாக்கண்ணுவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"ஏங்க, சோத்த விட்டுட்டுக் கோழியத் திங்கிறதுக்குப் பேரு பத்தியமா?"

"இது சீமை வைத்தியம் புள்ள. ஒனக்கு வெளங்காது."

"எனக்கு வெளங்குது. முட்டை போட்டுக்கிட்டிருந்த என் பொட்டைக்கோழிக்குத்தான் கடைசிவரைக்கும் வெளங்கல."

முதலில் தொந்தி கொஞ்சம் இறங்கியது. "ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்குப்பா" என்று பெரட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அப்புறம் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே போனதெல்லாம் உள்ளேயே குடியேறிவிட்டது. இலங்கையில் நமக்கே கிடைக்காத பிரஜாவுரிமை, என் வயிற்றில் முட்டைகளுக்குக் கிடைத்துவிட்டது.

வரிசையாக ஒட்டிய வீடுகள் கொண்ட எங்கள் லயத்தில் கக்கூஸுக்குப் போகிறவன் கையில் வாளித் தண்ணீரோடு எல்லோர் வாசலையும் தாண்டித்தான் போகவேண்டும். நானும் தினமும் ராஜநடை நடந்து போய் உட்கார்ந்தேன். பலகை இடுக்கில் சிவனொளிபாத மலை தெரியும். அதுவும் அசையவில்லை, இதுவும் அசையவில்லை.

"ஏங்க, வாளி போன மாதிரியே நெறைஞ்சு வருதே?"

"சிக்கனம் புள்ள."

வயிறு கருங்கல்லாகிக் கோட்டு மறுபடியும் விலகியது. போட்டோ நாளோ நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கொடுக்கிற மரியரட்ணம் ஐயாவைச் சுற்றி ஒரே கூட்டம். அத்தனை பேரும் நான் பஞ்சு என்று பீற்றியதைக் கேட்டவர்கள்.

"பேதி மருந்தா? யாருக்குக் கங்காணியாரே?"

"எனக்கா? சேச்சே! வீட்டுல பொஞ்சாதிக்குங்க ஐயா."

"அப்ப அவங்களக் கூட்டிட்டு வாங்க. கையில குடுத்துவிட்டா வழியில ஊத்திருவீங்க. என் கண்ணு முன்னாலதான் குடிக்கணும்."

"அவ ரொம்பக் கூச்சப்படுவாங்க."

"அதுக்கென்ன, நானே வந்து பாக்குறேன்."

சொன்னபடியே சாயந்தரம் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. நேரே பீலிக்கு வந்தார், லயத்துப் பொம்பளைகள் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கு. நான் மூச்சிரைக்க ஓடிவருவதற்குள் கேட்டுவிட்டார்.

"என்ன அம்மாக்கண்ணு, ஒனக்கு வயிறு கட்டிக்கிச்சாமே?"

 அம்மாக்கண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் வாளியும் இருந்தது, கோழியும் இருந்தது.

"ஆமாங்க ஐயா. வெளிய சொல்ல வெக்கமாக் கெடந்திச்சு. மகராசன், அவரே சொல்லிட்டாரு."

"மருந்தைப் பொறவு பாப்போம். மொதல்ல சுடுதண்ணி நெறையக் குடி. கீரையும் கோவா எலையும் சாப்பிடு."

"சரிங்க ஐயா. இந்தக் கொடம் தூக்குனா வயிறு இழுத்துப் பிடிக்குதுங்க."

"அப்ப தூக்காத."

"வெறகு பொளந்தாலும் பிடிக்குதுங்க. கூடையச் சொமந்தாலும்..."

"ஒண்ணும் செய்யாத. எல்லாம் கங்காணியார் பாத்துக்குவாரு."

அன்றிலிருந்து அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் மகாராணியாக உட்கார்ந்தாள். லயமே கீரை கொண்டுவந்து கொட்டியது. நான் படியேறித் தண்ணீர் சுமந்தேன், விறகு பிளந்தேன், கீரை கடைந்தேன்.

"எனக்கு இம்புட்டு வேணாங்க. மிச்சத்த நீங்க தின்னுருங்க. இதுல சோறுமில்ல, மாவுமில்ல, சீனியுமில்ல. ஒங்க சீமை வைத்தியம் கெட்டுப்போகாது."

"நீ சொல்றதால திங்கிறேன்."

"அந்தச் சுடுதண்ணியையும் குடிச்சிருங்க. ஆறிப்போகுது."

ஒரு நாள் காலை, குடத்தோடு பாதிப் படி ஏறியபோது வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். குடத்தைப் போட்டேன், வாளியை எடுத்தேன், பறந்தேன். அன்றைக்கு இடி இடித்ததாகவும் மழைதான் வரவில்லையென்றும் மஸ்கெலியா பஜாரில் பேசிக்கொண்டார்களாம். வெற்று வாளியோடு பஞ்சு மாதிரி மிதந்து வந்தேன்.

"என்னாங்க, சிக்கனம் போச்சா?" என்றாள் வாசலிலிருந்து.

போட்டோ அன்று கோட்டை மாட்டினேன். மூன்று பொத்தானும் பூட்டிக்கொண்டன! பங்களா முற்றத்தில் துரையின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து, வயிற்றை முன்தள்ளாமல் நெஞ்சை முன்தள்ளி நின்றேன். படக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.

"கொஞ்சம் நில்லுங்க!" என்றார் மரியரட்ணம் ஐயா. ஓரமாக வேடிக்கை பார்த்த பொம்பளைகளில் அம்மாக்கண்ணுவைக் காட்டித் துரையிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். சுகமில்லாத மனுஷி என்று சொல்லியிருப்பார். துரை மனம் இளகி இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

"எங்க போடுறது?" என்றான் நாற்காலியைத் தூக்கி வந்தவன்.

"அவ புருசனுக்கு முன்னாலயே போடு" என்றார் மரியரட்ணம் ஐயா.

அம்மாக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போடச் சொன்னாள். உட்காரும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"கோழிக்கும் இதுக்கும் சரியாப் போச்சுங்க."

அந்தப் போட்டோ இன்றைக்கும் எங்கள் சுவரில் தொங்குகிறது. வந்து பாருங்கள். துரைக்குச் சமமாக நாற்காலியில் அம்மாக்கண்ணு. அவள் கொண்டைக்கு மேலே ஒரு தலைப்பாகை, அதற்குக் கீழே என் முகம். மூன்று பொத்தானும் பூட்டித்தான் இருந்தன. அதற்குச் சாட்சி அவள் முதுகு ஒன்றுதான்.