பூஜ்யம் மில்லிமீட்டர் மழை

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கிக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு வாதத்திலாவது என் மனைவியை ஜெயித்துவிடுவது. அவள் பிசியோதெரபிஸ்ட். எத்தனையோ பேருடைய வாதத்தை வந்த சுவடு தெரியாமல் விரட்டியிருக்கிறாள். என் வாதமும் அதில் சேர்த்தி.

சண்டை ஒரு மெத்தையைப் பற்றி.

"போன ஞாயிறு மொட்டைமாடியில காயப்போட்ட மெத்தையை மறந்துட்டீங்க. மழையில ஊறிப்போச்சு."

"அன்னிக்கு மழையே பெய்யல."

"கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

தூங்கியது உண்மை. ஆனால் நான் மென்பொருள்காரன். உலகத்தில் எந்த இடத்துக்கும் பழைய வானிலைக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கும் இணையச் சேவை ஒன்று எனக்குத் தெரியும். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி மூன்றையும் அனுப்பினால் போதும். மணிவாரியாக மழை, வெயில், காற்று எல்லாம் வந்து விழும்.

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். நாலு வரி நிரல். தட்டினேன். இடத்தைக் காட்டும் வரைபடம் திரையில் விரிந்தது.

"என்னங்க, புள்ளி நடுக்கடல்ல நிக்குது?"

"ரெண்டு எண்ணும் இடம் மாறிடுச்சு."

"அங்க காயப்போட்டிருந்தா இன்னும் நல்லா ஊறியிருக்கும்."

எண்களை மாற்றித் தட்டினேன். இருபத்துநாலு மணி நேரத்துக்கு இருபத்துநாலு பூஜ்யம்! ஒரு சொட்டு இல்லை. வாழ்க்கையில் பூஜ்யத்தைப் பார்த்து இவ்வளவு பூரித்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"பார்த்தியா ஆதாரம்?"

"பார்த்தேன். நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். என் ஆதாரத்தில் தாரம் ஒளிந்திருப்பது தெரியாமல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"இது பொய் சொல்லாதுல்ல?"

"மனுஷன் சொல்லுவான். இது சொல்லாது."

"எந்தத் தேதி கேட்டாலும் வருமா?"

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடி கேளு, வரும்!"

"அவ்வளவு தூரம் வேணாம். போன மாசம் ஒன்பதாம் தேதி. சாயங்காலம் அஞ்சு டு எட்டு. உங்க ஆபீஸ் இருக்கிற இடம்."

அன்றைக்குத்தான் என் மாமியார் ரயில் நிலையத்தில் இரண்டு பைகளோடு மூன்று மணி நேரம் காத்திருந்தார். நான் போன் செய்து, "அத்தை, இங்க பேய்மழை. ரோடெல்லாம் வெள்ளம், கார் கிளம்பாது" என்று சொல்லியிருந்தேன். உண்மையில் ஆபீஸில் டேபிள் டென்னிஸ் இறுதிப்போட்டி. அதிலும் தோற்றேன்.

"ஆபீஸோட அட்சரேகை ஞாபகமில்ல."

"நான் எழுதி வச்சிருக்கேன்" என்று சீட்டை நீட்டினாள். தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் வரை.

தட்டினேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"அதுவந்து... இது சுமாரான கணக்குதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏரியாவுக்கெல்லாம் சேர்த்து ஒரே கணக்கு..."

"மெத்தைக்குத் துல்லியமா இருந்துச்சு. எங்கம்மாவுக்கு மட்டும் சுமாரா?"

மடிக்கணினியை மூடப் போனேன்.

"அம்மா இன்னிக்கும் 'பாவம் மாப்பிள்ளை, மழையில என்ன பாடுபட்டாரோ'ன்னு சொல்லிட்டிருக்காங்க."

அது வசவைவிட உறைத்தது. மாமியாருக்கு உடனே போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த மெத்தை எப்படித்தான் நனைஞ்சுது?"

"ஒரு வாளி தண்ணி. நானே ஊத்தினேன். நேரா கேட்டா இந்தப் பெட்டியைத் திறப்பீங்களா?"

சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டு அக்கா. கையில் ஒரு தாள்.

"தம்பி, உங்க வீட்ல சொன்னாங்க. பதினோரு தேதி இருக்கு. எல்லாம் எங்க வீட்டுக்காரர் மழையில மாட்டிக்கிட்டேன்னு லேட்டா வந்த நாள். கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். பதினொன்றில் ஒன்பது பூஜ்யம்.

அடுத்த நாள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடியிலிருந்தெல்லாம் தாள்கள் வந்தன. இப்போதெல்லாம் நான் லிஃப்டில் ஏறினால், உள்ளே இருக்கும் கணவன்மார்கள் இறங்கிப் படியில் போகிறார்கள்.