அறுபது அலைகளும் ஒரு லாபமும்

புவனகிரி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் ஜெயப்பிரகாஷுக்கு மாமா இளவரசு எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா புஷ்பவள்ளியும் சுகம். கடலூரில் நீயும், தங்கச்சியும், உன் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சிதம்பரத்தில் வெண்மதி படிக்கிற காலேஜுக்கு நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனதை அவள் சொல்லியிருப்பாள். பெத்த அப்பனுக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத்தானே எல்லாம் தெரிகிறது. பிடரியில் டெய்லர் லேபிளோடு அரை நாள் அவள் லேபில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு பெட்டி. எந்த வடிவத்தில் அலை வரைந்து கொடுத்தாலும் அதை மின்சாரமாகத் திரும்பத் திரும்ப விடுமாம். வேகமான அலை என்றால் குறையில்லை, மெதுவான அலையில்தான் நேரம் தவறுகிறது. பத்து விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தால் அறுபது அலைக்கு அறுநூறு விநாடி ஆகவேண்டும். அறுநூற்றாறு ஆகிறது என்கிறாள் இவள். பெட்டி சரி, உன் கைதான் தப்பு, மூன்று மாத வேலையையும் முதலிலிருந்து செய் என்கிறார் அவளுடைய சார். வேறு ஒருவர் எண்ணியும் அதே ஆறு விநாடி வந்தால் நம்புவாராம்.

எண்ணுவதற்கு என்னைவிட ஆளா? ரைஸ்மில்லில் இருபது வருஷம் நெல் அளந்தவன். அலைக்கு ஒரு தடவை பெட்டியில் ஒரு விளக்கு மின்னும். அது முதல் தடவை மின்னியதும் செல்போனில் நேரத்தை ஓடவிட்டு, முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்போமே, அதேபோல ‘லாபம்’ என்றேன். அடுத்த மின்னலுக்கு ‘ரெண்டு’. அறுபதில் நிறுத்தினால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. மெதுவாக ஓடுகிற பெட்டியை வேகமாக ஓடுகிறது என்று நிரூபித்துவிட்டேன். பிள்ளை முகம் சுண்டிப்போச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை மச்சான், உடனே உனக்குப் போன், அதுவும் ஸ்பீக்கரில்.

“ஒங்கப்பா எப்புடி எண்ணுனாருன்னு கேளு பாப்பா” என்றாய். எண்ணிக் காட்டினேன். நீ சிரித்து முடிப்பதற்குள் நாலு அலை போயிருக்கும்.

“மாமா, மொத வெளக்கு அல ஆரம்பிக்கிற எடம். அது சைபரு. நீங்க அம்பத்தொம்போது அலதான் எண்ணியிருக்கீங்க. இன்னும் ஒண்ணச் சேருங்க.”

அந்த ஓர் அலைக்குப் பத்து விநாடி சேர்த்தால் அறுநூற்றாறு. மாமான்னா மாமாதான் என்று குதிக்கிறாள். பத்து நிமிஷம் கண் கொட்டாமல் எண்ணினது நான். அதோடு விட்டாயா? பெட்டி அலையைப் புள்ளி புள்ளியாகத்தான் விடுகிறது, மெதுவான அலைக்குப் புள்ளிகள் ஜாஸ்தி, பெட்டி ஒவ்வொரு புள்ளியிலும் துளி நேரம் கூடுதலாக நிற்கிறது, எல்லாம் சேர்ந்தால் விநாடிக்கணக்கு என்று விளக்கம் வேறு. அவள் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். நான் சொன்ன எதையும் அவள் எழுதி நான் பார்த்ததில்லை.

சார் ஒப்புக்கொண்டார், மூன்று மாத வேலை தப்பியது. ரிப்போர்ட்டைப் பார்த்தேன். காரணம் கண்டுபிடித்தவர் என்று முழுப்பெயரோடு நீ. கீழே, எண்ணியவர்: ஒருவர். அந்த ஒருவர் நான்தான். ஆகவே இனிமேல் அவள் கேட்டால், தெரிந்தாலும், ‘தெரியல பாப்பா, அப்பாவக் கேளு’ என்று ஒரு தடவையாவது சொல்லு.

உன் கடைக்கு வருகிற சாமானெல்லாம் முதல் தடவையிலேயே சரியாகட்டும், ஒன்றிரண்டைத் தவிர.

இப்படிக்கு,
இளவரசு

பி.கு.: உறையை ஒட்டும்போது அவளே போன் பண்ணினாள். “அப்பா, அடுத்த சனிக்கெழம ஒரு மணி நேரம் எண்ணணும். மாமா வருவாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?” கேக்குறேம்மா என்றேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டுப் போய் வா. அன்றைக்கு எனக்கு மில் லீவு என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.